ஐம்பத்தாறு பச்சைக் குறிகள்

இடுப்பில் எப்போதும் தொங்கும் ஒரு முக்கோணச் சாவியால் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர் வந்தது. லிஃப்டின் வெளிக்கதவில் மேல் மூலையில் இருக்கும் சின்னத் துளைக்குள் அதை விட்டுத் திருகினால் எந்த மாடியிலும் கதவு திறக்கும். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு யாராவது உள்ளிருந்து கதவைத் தட்டிக் கத்தினால், மேலேயிருந்து அவர் குரல் வரும். "பயப்படாதீங்க, வந்துட்டேன். கதவுல சாயாம நடுவுல நில்லுங்க." அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு அழுகை நின்றுவிடும்.

ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் ஓர் அட்டை மாட்டியிருக்கும். பிரேக், கம்பிக்கயிறு, கதவு, எண்ணெய் என்று பதினெட்டு வரிகள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுவிட்டுத்தான் எதிரில் குறி போட வேண்டும். அவர் போட்ட குறியை மேலதிகாரிகள் மறுபடி சரிபார்த்ததில்லை. ஒருமுறை உடன் வேலை பார்த்தவன் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்தபடியே நாலு கட்டடத்து அட்டைகளையும் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். "நீ போடற டிக்கை நம்பித்தான்டா ஜனங்க உள்ள கால் வெக்கிறாங்க" என்று அவர் கத்தியதைப் பல நாள் வரைக்கும் மற்றவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் மருந்துக்கடை அக்கா. மேல் தட்டில் இருக்கும் பெட்டியை ஸ்டூல் போடாமல் எட்டி எடுத்துவிடுவாள். சீட்டில் டாக்டர் கிறுக்கியிருப்பதை டாக்டருக்கே படித்துக் காட்டுவாள். வலது மார்பில் கட்டி என்று தெரிந்தபோதும், அறிக்கையைத் தானே படித்து, என்ன மருந்து, எத்தனை தவணை என்று கணவருக்கு விளக்கியவள் அவள்தான். அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஆபரேஷனில் மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அப்புறம் ஆறு தவணை ஊசிமருந்து, இருபத்தைந்து நாள் கதிர் வைத்தியம். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் முதல் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டு மாற்றுவது, துடைப்பது, உடை மாற்றுவது எல்லாம் மகள்தான். சாவிக்காரர் கதவுக்கு வெளியே நின்று வெந்நீர் எடுத்துக் கொடுப்பார். நல்ல மனிதர், பாவம், கூச்சப்படுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியமெல்லாம் முடிந்த பிறகு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சாவிக்காரரிடம் வாங்கிய கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டே பேசினாள்.

"அம்மா, கையைச் சும்மா வெச்சிருந்தீங்கன்னா தோள்பட்டை அப்படியே பிடிச்சுக்கும். நீரும் கோத்துக்கும். தினம் இருபத்தஞ்சு நிமிஷம், பன்னெண்டு வாரம். வீடியோவுல எப்படிக் காட்டறாங்களோ அப்படியே செய்யணும். ஞாயித்துக்கிழமை மட்டும் நாடாவை வெச்சு கையோட சுத்தளவு, சுவத்துல விரல் எவ்வளவு தூரம் ஏறுதுன்னு ஒரு அளவு, ரெண்டையும் போட்டுடுங்க. செஞ்ச நாளுக்குப் பச்சைக் குறி வரும். மூணு நாள் சேந்தாப்பல விட்டீங்கன்னா சிவப்பு. சிவப்பு வந்தா நான் ஃபோன் பண்ணிடுவேன், தப்பிக்க முடியாது."

மனைவியிடம் இருந்தது பித்தான் வைத்த பழைய கைபேசி. அதனால் செயலி ஏறியது சாவிக்காரருடையதில். "சார், நாலாவது நாள்லருந்து ரெண்டு பயிற்சி சேரும். அதுக்கு உங்க கை வேணும்" என்றாள் அந்தப் பெண்.

"லிஃப்டையே தூக்கறவன் மேடம். இந்தக் கையைத் தூக்க மாட்டேனா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மனைவிதான் அதிகம் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததாக அவருக்குத் தோன்றியது.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. காலை ஆறரைக்குப் படுக்கையறையில் விரிப்பைப் போட்டு, கைபேசியை ஸ்டூல்மேல் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். திரையில் நீலக் கால்சட்டை போட்ட ஒரு பெண் மூச்சை இழுத்து விட்டாள். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றினாள். மனைவியும் ஏற்றினாள். அதில் ஒரு நாள் ஞாயிறு; முதல் அளவை அன்றே எடுத்தார்கள். முழங்கைக்கு மேலே இருபத்தெட்டு சென்டிமீட்டர். சுவரில் நூற்று முப்பத்தைந்து. அவர் பென்சிலால் கோடு போட்டு, கண்ணைச் சுருக்கி, நீர்மட்டம் பார்ப்பதுபோலச் சரிபார்த்தார். "இது என்ன, கட்டடமா?" என்று அவள் கேலி செய்தாள்.

நாலாவது நாள் புதிய வீடியோ வந்தது. மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். உதவுகிறவர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையைத் தோளுக்குக் கீழே விலாவில் வைத்துத் தோலை மெல்ல எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அடுத்து, வடுவைச் சுற்றி இரண்டு விரலால் எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டும்.

அவள் நைட்டியின் பித்தான்களை அவிழ்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஆபரேஷன் ஆகி எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் அந்த இடத்தைப் பார்த்தார். தட்டையாக இருந்தது. நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள்வரை ஒரு கோடு, இழுத்துத் தைத்த சாக்குமூட்டை வாய்போலச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றிக் கதிர் பட்ட தோல் கருத்து, சில இடத்தில் மினுமினுத்தது. அவர் விரலில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு குனிந்தார். விரல் பட்டது. பட்டதும், சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோலக் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"ஃபோன் அடிக்குது. எங்கேயோ யாரோ மாட்டிக்கிட்டாங்க போல" என்றார் அவர்.

கைபேசி ஸ்டூல்மேல், அவள் தலைக்கு அருகில், ஜாடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குள் நீலக் கால்சட்டைப் பெண் "ஆறு... ஏழு... எட்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மனைவி கைபேசியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். திரும்பி வந்தபோது அவள் பித்தான்களைப் போட்டுக்கொண்டு, இடது கையால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இது போதுங்க. மீதியை நான் மத்தியானம் செஞ்சுக்கறேன்."

"வீடியோ வேணாமா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்க."

அன்று பதினொரு மணிக்கு, ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடிப் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தபோது, கைபேசி கேட்டது: இன்றைய பயிற்சி முடிந்ததா? அவர் 'ஆம்' என்பதைத் தொட்டார். பச்சைக் குறி விழுந்தது. அடுத்த நிமிடம் மகளிடமிருந்து கைதட்டும் படம் ஒன்று வந்தது. செயலியில் குடும்பத்தார் பார்ப்பதற்கென்று ஒரு வழி இருந்தது. மகள் அதில் சேர்ந்திருந்தாள்.

முதல் வாரத்தில் மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்பார்: "ஆச்சா?" அவள் சமையலறையிலிருந்தே, "ஆச்சு" என்பாள். பிறகு கேள்வியும் நின்றுபோனது. கைபேசி கேட்கும், அவர் தொடுவார், மகள் கைதட்டுவாள். மூன்றும் அரை நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை அளவுகள்தான் தொல்லை. நாடாவை எடுத்துக்கொண்டு அவள்முன் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, மனத்துக்குத் தோன்றியதைப் போட்டார். சுற்றளவு இருபத்தெட்டு, இருபத்தெட்டேகால், இருபத்தெட்டு. சுவர் உயரம் நூற்று நாற்பது, நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு. ஐந்தாவது வாரம், ஒரே சீராக ஏறினால் நம்ப மாட்டார்கள் என்று யோசித்து, அரை சென்டிமீட்டர் குறைத்துப் போட்டார். அப்படிப் போட்டதும் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கு ஒரு கணம் திருப்திகூட ஏற்பட்டது. பின்னால் எதை மறந்தாலும் அந்த ஒரு கணத்தை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

வீட்டில் நடப்பது கண்ணில் படாமல் இல்லை. மேல் அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் இடது கையால் தலை வாரினாள். நைட்டியின் வலது கையைப் பிரித்து ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தாள். பார்த்தார், அதற்குமேல் யோசிக்கவில்லை. ஏழாவது வாரம் பிசியோதெரபி அறையிலிருந்து செய்தி வந்தது: 'மிக அருமை. ஒரு நாள்கூட விடாத குடும்பம்.' அதை மகள் தன் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினாளாம்.

எட்டு வாரம் முடிந்ததும் நேரில் வரச் சொன்னார்கள்.

பிசியோ பெண் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தாள். "வாங்கம்மா, கையைத் தூக்குங்க பார்க்கலாம்." அவள் தூக்கினாள். கை தோள் உயரத்துக்குக்கூட வராமல் நின்றது. அதற்குமேல் போகச் சொன்னால் உடம்பே சாய்ந்தது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு நாடாவை எடுத்தாள். ஒரு முறை அளந்தாள். மறுபடி அளந்தாள். முப்பத்திரண்டு.

"போன ஞாயித்துக்கிழமை இருபத்தெட்டு போட்டிருக்கீங்க. சுவத்துல நூத்தி எழுபது." திரையையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அம்மா, தினமும் செஞ்சீங்கதானே?"

மனைவி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் தரையில் டைல்ஸ் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சேன்" என்றாள்.

"வலி, கனம் எல்லாம் இந்த வாரம்தான் வந்துச்சா?"

"கொஞ்ச நாளாவே கனமாத்தான்... தெரியலைங்க. இந்த வாரமாத்தான் இருக்கும்."

பெரிய டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் அக்குளில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். "நல்லா ஏறிட்டு வந்த கை ஒரே வாரத்துல இப்படி இறங்கி, நாலு சென்டிமீட்டர் வீங்குதுன்னா லேசா எடுத்துக்க முடியாது. உள்ளே தடிப்பா ஏதோ படுது. பழைய தையலா இருக்கலாம். ரத்தம் கட்டியிருக்கலாம். இல்லை, மறுபடி வந்திருக்கலாம். எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துடுவோம்." ஸ்கேனுக்கு நாள் கிடைத்தது ஐந்து நாள் கழித்து.

'மறுபடி' என்ற சொல்லுக்கு மேல் வேறு எதுவும் அந்த அறையில் யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு வந்த மனைவி அழவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் கோணல்மாணலாக எழுதத் தொடங்கினாள். எரிவாயு பதிவு எண். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் பெயர். மகளின் சான்றிதழ்கள் எந்தப் பையில். எதிரே உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருப்பதற்கு அவரிடம் ஒரு சாக்கு இருந்தது. ஒருவேளை நிஜமாகவே மறுபடி வந்திருந்தால்? ஸ்கேன் எடுப்பது நல்லதுதானே? அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டினார். வேலைக்கும் போனார். மோட்டார் அறையில் அட்டைமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பதினெட்டு வரியையும் இரண்டாம் தடவை பார்த்துவிட்டு வந்து குறி போட்டார். ஆனாலும் மனத்துக்கு நிம்மதி வரவில்லை.

ஸ்கேனுக்கு முந்தின நாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். செயலியில் இருந்த எட்டு வாரக் குறிகளையும் அளவுகளையும் வண்ணத்தில் அச்சடித்து வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"தேவைப்பட்டா வேற டாக்டர்கிட்டயும் காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்ப்பா. பாருங்க, அம்பத்தாறு நாளும் பச்சை. இவ்வளவு செஞ்சும் இப்படின்னா, நம்ம பக்கம் தப்பில்லைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல." தாள்களை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க இல்லைன்னா அம்மா இதைச் செஞ்சிருக்கவே மாட்டாப்பா."

சாவிக்காரர் அந்தத் தாள்களைக் கையில் வாங்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா அழப்போகிறார் என்று நினைத்து மகள் அவர் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியாமல், தாங்கவும் முடியாமல், அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மனைவி அறை வாசலில் நின்று இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் மனைவிக்குப் பச்சை அங்கியை மாட்டி உட்கார வைத்தார்கள். ஸ்கேனுக்குமுன் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். ஆபரேஷன் ஆன பக்கம் என்பதால் வலது கையில் குத்தக் கூடாது. இடது கை நரம்புகளோ ஆறு தவணை மருந்தில் சுருங்கிக் கிடந்தன. நர்ஸ் ஒரு இடத்தில் குத்தினாள், கிடைக்கவில்லை. இன்னொரு இடம். மூன்றாவது இடம். திரைக்கு வெளியே நின்ற அவருக்கு ஒவ்வொரு தடவையும் "ஸ்" என்ற அவள் சத்தம் கேட்டது. நாலாவது தடவைக்கு நர்ஸ் வேறு ஆளைக் கூப்பிடப் போனாள்.

அவர் நடந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாடி படியிறங்கிப் பிசியோதெரபி அறைக் கதவைத் தள்ளினார். அந்தப் பெண் ஒரு பாட்டியம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"வெளியில உக்காருங்க சார், வர்றேன்."

"உக்கார முடியாது மேடம். அதெல்லாம் நான் போட்டது."

"எதெல்லாம்?"

"டிக்கு. அளவு. எல்லாமே. அவ செய்யலை. நான்தான் போட்டேன்."

அவள் பாட்டியம்மாவின் காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எத்தனை நாள்?"

"மூணு நாள் நிஜம். மீதி அம்பத்து மூணு நாள்..." என்று இழுத்தார். "சுத்தளவு முதல் வாரம் மட்டும்தான் நிஜம்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், என்கிட்ட நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. சிவப்பு வர்றவங்களுக்குத்தான் நான் ஃபோன் பண்றேன். நீங்க ஒரு வாரம் சிவப்பா விட்டிருந்தா, ரெண்டாவது வாரமே நான் அந்தம்மாகிட்டப் பேசியிருப்பேன். பச்சையா இருந்தவங்களுக்கு நானும் ஒரு தடவை பண்ணியிருக்கணும். பண்ணலை."

பிறகு மேசைக்குப் போய்ப் பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்தாள். திரும்ப வந்து சொன்னாள்: "ரத்தக் கட்டு இல்லைன்னு உறுதி பண்ண, அக்குளையும் பார்க்க, தோலுக்கு மேல வெச்சு எடுக்கற ஸ்கேன் மட்டும் இன்னைக்கு. அதுக்கு ஊசி வேணாம். பெரிய ஸ்கேனை நிறுத்தி வெக்கச் சொல்லிட்டாரு. அம்மாகிட்ட என்னை விட்டுச் சொல்லச் சொல்லாதீங்க. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் மேடம்."

"இப்பவே."

மனைவி ஒரு நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மகள் மாடிக்குப் படிவம் கொடுக்கப் போயிருந்தாள். இடது கையில் மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஊசி வேண்டாம் என்றதிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிச் சொன்னார்.

"டிக்கு போடறது தெரியும்" என்றாள் முடிவில். "தினம் பொண்ணு ஃபோன்ல, சூப்பர்மா, சூப்பர்மான்னு சொல்லும்போது எனக்குத் தெரியாதா?"

"அப்போ டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"செய்யலைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னா, என்னத்தைச் சொல்றது? எம்புருஷனுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா?"

அவர் வாயைத் திறந்தார்.

"இருங்க. அளவும் நீங்களே போட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. முதல் வாரத்துக்கப்புறம் நீங்க நாடாவை எடுக்கவே இல்லை, அதனால அதை ஃபோனே எப்படியோ எடுத்துக்கும்னு நினைச்சேன். ரெண்டு மாசமா கை கனத்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா, போன வாரம் வரைக்கும் சரியா இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. சரி, நமக்குத்தான் எதுவும் சரியாத் தெரியலை போல, இது வேற எதோதான்னு முடிவு பண்ணிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அஞ்சு நாளுங்க. அஞ்சு நாளா நான் போயிட்டேன்னு நினைச்சு நோட்டு எழுதினேன். எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"தப்புத்தான்" என்றார். அந்தச் சொல் அவருக்கே அற்பமாகக் கேட்டது. நடைபாதையில் சக்கர நாற்காலிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல அவருக்குக் காது சுட்டது.

ஸ்கேனில் ரத்தக் கட்டு இல்லை. தடிப்பு பழைய தையல் தழும்புதான். நோய் திரும்பவில்லை. கை வீங்கியது நீர் கோத்ததால். தோள் இறுகியது அசைக்காமல் வைத்திருந்ததால். "உயிருக்கு ஒண்ணுமில்லை" என்றார் பெரிய டாக்டர். சாவிக்காரரைப் பார்த்து வேறு எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மகளிடம் வீட்டில் வைத்துச் சொன்னார். அவள் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கத்துவாள் என்று பார்த்தார். அவள் கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: "நான் தினமும் கைதட்டினேனேப்பா." அன்று மாலையே அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போய்ப் புதிய கைபேசி வாங்கிக் கொடுத்து, செயலியை அதில் ஏற்றினாள். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம், "மாத்திரையைச் சரியாப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஆறு வாரம் பிசியோ பெண் நேரிலேயே வரச் சொன்னாள். வாரம் மூன்று நாள். விரலிலிருந்து தோள்வரை அடுக்கடுக்காகக் கட்டுத் துணி சுற்றி நீரை இறக்கினார்கள். தோளை அசைக்கும்போது மனைவி பல்லைக் கடித்துக்கொள்வாள். சில நாள் வாய்விட்டு அழுதாள். சாவிக்காரர் கூடவே போனார். உள்ளே கூப்பிடவில்லை, வெளியே உட்கார்ந்திருந்தார். சிகிச்சை இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியிருந்தால் இவ்வளவு வலி தேவைப்பட்டிருக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. மருந்துக்கடையில் அவளை அலமாரிப் பக்கத்திலிருந்து பில் போடும் நாற்காலிக்கு மாற்றினார்கள்.

பிறகு மறுபடி வீட்டுப் பயிற்சி வந்தது. அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் கைபேசியைப் பார்த்துத் தானே செய்தாள். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. ஒருநாள் காலை கதவைத் திறந்தாள்.

"விலாவைப் பிடிக்கறது தனியா வரலை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடட்டுமா, இல்லை நீங்க வர்றீங்களா? மூஞ்சியைச் சுளிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"வர்றேன்."

அவள் படுத்தாள். "முதல்ல பாருங்க. தொட வேணாம்."

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். அவள் கூரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். "சரி, பிடிங்க" என்றாள். அவர் ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையை விலாவில் வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. தோல் வெதுவெதுப்பாக, சாதாரணமாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா ஓடினோம் என்று நினைத்தபோது, முன்பைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முழுக்க ஏறவில்லை, காதுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. அதற்குமேல் போகாது என்றே பிசியோ பெண் சொல்லிவிட்டாள். கைக்கு இறுக்கமான உறை எப்போதும் வேண்டும்.

நாலைந்து மாதம் கழித்து பிசியோ பெண் சாவிக்காரருக்கு ஃபோன் செய்தாள். புதிதாகச் சேரும் பெண்களின் கணவன்மார்களை உட்கார வைத்துப் பேசப்போவதாகவும், நடந்ததை அவர் வந்து சொல்ல முடியுமா என்றும் கேட்டாள். போனார். ஒரு சின்ன அறை. ஒன்பது பேர். ஒருவர் கழுத்தில் அலுவலக அட்டை, ஒருவர் கையில் தலைக்கவசம். சாவிக்காரர் எழுந்து நின்று, பச்சைக் குறி போட்டதை, அளவைக் குறைத்துக் கூட்டிப் போட்டதை, அதனால் வந்த ஐந்து நாளைச் சொன்னார். ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போனார். முடிந்ததும் தலைக்கவசக்காரர் வந்து, "அந்த நாடாவை முழங்கைக்கு மேல எங்க வெச்சு அளக்கணும்ணே?" என்று கேட்டார். சாவிக்காரர் அவர் கையிலேயே வைத்துக் காட்டினார்.

மறுநாள் காலை விரிப்பில் மண்டியிட்டு முழங்கையைத் தாங்கியபடி மனைவியிடம் இதைச் சொன்னார்.

"எல்லாத்தையும் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"ம், சொன்னேன்."

"ஏன் டிக்கு மட்டும் போட்டுட்டு இருந்தீங்கன்னு?"

அவர் பார்வை திரைக்குப் போனது.

"அதைச் சொல்லலையா?"

"வேலை நெருக்கடின்னு சொன்னேன்" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா, அலுப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் நீலக் கால்சட்டைப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசமும் கூப்பிட்டிருக்காங்க" என்றார். "அப்ப சொல்லிடறேன்."

"சொன்னா சொல்லுங்க, இல்லாட்டி போகாதீங்க" என்றாள் அவள். "இப்ப முழங்கையை ஒழுங்காப் பிடிங்க. நழுவுது."